பேரிடர் மீட்சிச் சேவை: மீட்பு வேறு, மீட்சி வேறு

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்ட அலுவலகங்களில் கணினி பார்ப்பவர்கள் இதை ‘டிஆர்’ என்று இரண்டெழுத்தில் முடித்துவிடுவார்கள். விலைச்சீட்டில் அதுவே ‘டிராஸ்’ என்று நீளும். விரித்தால் டிசாஸ்டர் ரெக்கவரி ஆஸ் எ சர்வீஸ். சர்வர் இருக்கும் கட்டடம் வெள்ளத்திலோ தீயிலோ முடங்கினால், அதே வேலையை வேறோர் ஊரின் கிளவுடில் குறித்த கெடுவுக்குள் ஓடவைப்பது டிஆர். அந்த இரண்டாவது இடத்தைச் சொந்தமாகக் கட்டாமல் மாதக் கட்டணத்துக்கு எடுப்பது டிராஸ்.

‘டிசாஸ்டர்’ இத்தாலிய ‘டிசாஸ்த்ரோ’விலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. ‘அஸ்த்ரோ’ என்றால் நட்சத்திரம்; கெட்ட நட்சத்திரத்தால் வந்த வினை. ‘கிரகம் சரியில்லை’ என்று நாம் சொல்வதும் இதே கணக்குத்தான். மலாய் ‘பெஞ்சானா’ சமஸ்கிருத ‘வஞ்சனா’விலிருந்து வந்தது, நம் ‘வஞ்சனை’க்கு உடன்பிறப்பு. ஏமாற்று என்ற பொருள் அங்கே போய்ப் பேரழிவாகிவிட்டது. இலங்கைத் தமிழர் ‘அனர்த்தம்’ என்பர். மலேசிய நாளேடுகளில் ‘பேரிடர்’ நிலைத்துவிட்டது, மாற்றத் தேவையில்லை. ‘இடர் களையாய்’ என்று தேவாரத்திலேயே வரும் பழஞ்சொல் அது. வெறும் ‘இடர்’ இன்று ‘ரிஸ்க்’குக்குப் போய்விட்டதால் ‘பேர்’ என்ற அடை கட்டாயம் வேண்டும்.

சிக்கல் ‘ரெக்கவரி’யில்தான். பலரும் ‘மீட்பு’ என்று எழுதுகிறார்கள். ‘பேரிடர் மீட்புச் சேவை’ என்று பலகை மாட்டினால் தோட்டத்து ஆள் அதைப் பொம்பா (தீயணைப்பு) நிலையம் என்றே நினைப்பார். அடகுக்கடையிலிருந்து நகையை மீட்கிறோம், காய்ச்சலிலிருந்து மீள்கிறோம். முன்னது ஒரு பொருளை எடுப்பது, அதன் பெயர் மீட்பு. பின்னது பழைய நிலைக்குத் திரும்புவது, அதன் பெயர் மீட்சி. கணினியிலும் வேறுபாடு இதேதான். காப்புநகலிலிருந்து கோப்பை எடுப்பது மீட்பு. வேலை மறுபடி ஓடுவது மீட்சி.

ஒரு செம்பனை ஆலையை எடுத்துக்கொள்வோம். எடைமேடை, செக்ரோல் (ஆள் வருகை, கூலிப் பதிவு), கணக்கு எல்லாம் சேர்ந்து 2 டெராபைட். காப்புநகல் வெளியூரில் பத்திரமாக இருக்கிறது. 100 மெகாபிட் இணைப்பில் அதை இறக்கினால், இணைப்பு முழு வேகத்தில் ஓடினாலும் 44 மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் கொழுப்பமிலம் ஏறும். தரவு மீட்கப்பட்டது, ஆலை மீளவில்லை.

அதனால்தான் ஒப்பந்தத்தில் இரண்டு எண்கள். ‘ஆர்டிஓ’வை மீட்சிக் கெடு எனலாம்: எத்தனை மணி நேரத்துக்குள் மறுபடி ஓட வேண்டும். ‘ஆர்பிஓ’வைத் தரவிழப்பு வரம்பு எனலாம்: கடைசி எத்தனை நிமிடத் தரவு போனால் பொறுக்கலாம். வரம்பு 15 நிமிடம், 5 நிமிடத்துக்கொரு லோரி எடைமேடை ஏறுகிறது என்றால் போவது மூன்று சீட்டு. அச்சடித்த நகலைப் பார்த்துத் திரும்பப் பதியலாம்.

2010இல் நாசாவும் ராக்ஸ்பேஸும் தொடங்கிய திறமூல கிளவுட் மேடையான ஓப்பன்ஸ்டாக்கில் ‘டிராஸ்’ என்று ஒரு பொத்தான் கிடையாது, பாகங்களைக் கோத்துத்தான் செய்ய வேண்டும். வட்டுகளின் நகலைச் செஃப் என்ற சேமிப்பக மென்பொருளின் ஆர்பிடி மிரர் பகுதி மறுதளத்துக்கு, அதாவது அந்த இரண்டாவது இடத்துக்கு, அனுப்பும். ஒவ்வொரு மாற்றத்தையும் முதலில் குறிப்பேட்டில் எழுதும் ஜர்னல் முறையில் இழப்பு மிகக் குறைவு, ஆனால் எல்லாமே இருமுறை எழுதப்படுவதால் வேகம் குறையும். தோட்ட ஊர் இணைப்புக்கு, 15 நிமிடத்துக்கொரு ஸ்னாப்ஷாட் (வட்டின் அந்நொடி நிலை) எடுத்து அனுப்பும் முறையே தாங்கும். காலை இரண்டு மணி நேரத்தில் 10 கிகாபைட் மாறினால் சராசரி 11 மெகாபிட் வேண்டும், 20 ஒதுக்குங்கள். தரவுத்தளத்தின் தரவும் பதிவேடும் தனித்தனி வட்டில் இருந்தால் இரண்டின் ஸ்னாப்ஷாட்டும் வெவ்வேறு நொடியில் விழுந்து, அங்கே தரவுத்தளம் எழ மறுக்கலாம். ஒரே வட்டில் வையுங்கள்.

வட்டு மட்டும் மறுதளம் போய்ச் சேர்ந்தால் போதுமா? ஓப்பன்ஸ்டாக்கில் வட்டுகளைக் கவனிக்கும் சிண்டரின் ‘ஃபெயிலோவர்’ (மறுதளத்துக்கு மாற்றும்) கட்டளை வட்டுகளை மட்டுமே மாற்றும். அது நடந்ததே, இயந்திரங்களை ஓட்டும் நோவாவுக்குத் தெரியாது. ஃபிளேவர் (இயந்திர அளவு), நெட்வொர்க், செக்யூரிட்டி குரூப் (போக்குவரத்து விதிகள்), சாவி எல்லாம் மறுதளத்தில் முன்கூட்டியே இருக்க வேண்டும். அங்கே எழும் இயந்திரத்துக்கு அடையாள எண் புதிது. ஆகவே முதல் துவக்கத்தில் இயந்திரத்தை அமைக்கும் கிளவுட்-இனிட் அதைப் புது இயந்திரம் என்று நினைத்து எஸ்எஸ்எச் சாவிகளை மாற்றும், முதல்நாள் ஸ்கிரிப்ட்டையும் மறுபடி ஓட்டும். அந்த ஸ்கிரிப்ட் வட்டை ஃபார்மேட் செய்வதாக இருந்தால் மீள ஒன்றும் மிஞ்சாது. பெயரை முகவரியாக்கும் டிஎன்எஸ் பதிலின் ஆயுளை 300 நொடிக்கு இறக்கி வையுங்கள்; 86,400 என்று விட்டுவைத்தால் பயனர்கள் ஒரு நாள் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளம் வடிந்து திரும்பும்போது இன்னொரு கண்ணி. மறுதளத்தை வலுக்கட்டாயமாக முதன்மையாக்கியிருந்தால், பழைய தளம் உயிர்பெற்றதும் அதுவும் தன்னையே முதன்மை என்று நினைக்கும். முதலில் பழையதைத் தாழ்த்தி, ரீசிங்க் (மறு ஒத்திசைவு) முடித்து, அப்புறமே வேலையைத் திருப்ப வேண்டும். கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் வந்தால், பூட்டிய கோப்பையும் மிரர் விசுவாசமாக நகலெடுக்கும் என்பதால் பழைய காப்புநகலையும் தனியாக வைத்திருங்கள்.

கடைசிச் சொல் ‘சர்வீஸ்’. ‘சேவையாகப் பேரிடர் மீட்சி’ என்பது ஆங்கிலத்தின் எலும்புக்கூடு. ‘பேரிடர் மீட்சிச் சேவை’ போதும். ஆனால் வாங்குவது சந்தாவா, முன்பதிவா என்று கேட்டாக வேண்டும். ஓப்பன்ஸ்டாக்கில் கோட்டா என்பது உச்சவரம்புதான், ஒதுக்கீடு அல்ல. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் சிகாமட் மூழ்கியதுபோல் ஆறு பெருகினால் ஒரே ஆற்றங்கரையின் பத்துத் தோட்டங்களும் ஒரே நாளில் மறுதளத்தை எழுப்பும். பத்துக் கோட்டாவையும் கூட்டினால் அங்குள்ள மொத்தச் செயலிக் கோர்களைத் தாண்டுகிறதா? தாண்டினால், பிளேசர் என்ற முன்பதிவுச் சேவை வழியாகவோ தனி ஹோஸ்ட் அக்ரிகேட் (பிரித்துவைத்த சர்வர் குழு) வழியாகவோ உங்கள் கோர்களை ஒதுக்கித் தருவதாக எழுத்தில் வாங்குங்கள். விலை கூடும், அந்தக் கூடுதல்தான் மீட்சியின் விலை.