தாழ்த்துவதற்கு முன் ஷாக்கைப் பாருங்கள்: லோயரிங் ஸ்பிரிங்கா, கோயிலோவரா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் உள்ள எங்கள் பட்டறைக்கு அண்மையில் ஏழாம் தலைமுறை ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ கார் ஒன்று வந்தது. "அண்ணா, அலைன்மென்ட் மட்டும் பார்த்துக் குடுங்க, புது டயர் நாலு மாசத்துல போயிடுச்சு" என்றார் அதை ஓட்டி வந்த இளைஞர். வெளியிலிருந்து பார்க்கையில் பின் டயர்களில் குறை எதுவும் தெரியவில்லை. காரை லிஃப்டில் ஏற்றி, டயரின் உள்விளிம்பை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னேன். ரப்பர் முழுதும் தேய்ந்து, உள்ளிருந்த கம்பி வெளியே தெரிந்தது. டயரின் அகலம் முழுவதிலும் வரிப்பள்ளங்களின் ஆழம் குறைந்தது 1 மி.மீ. இருக்க வேண்டும் என்பது தென்னாப்பிரிக்கச் சாலை விதி. வெளிப்பக்கம் புதிதாகத் தெரிந்தாலும் அந்த டயர் சாலைக்குத் தகுதியற்றது.

அந்தக் காரில் வேறொரு பட்டறையில் 40 மி.மீ. தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தார்கள். ஷாக்குகள் (ஷாக் அப்சார்பர்கள்) மட்டும் கார் வாங்கிய நாளிலிருந்தே இருந்தவை. ஒரு லட்சம் கிலோமீட்டர் கடந்தவை. முன்பக்கம் ஒன்றில் எண்ணெய் கசிந்து தூசியோடு அப்பியிருந்தது. ஷாக் முழுதாக அமுங்கும்போது இடியைத் தாங்கும் பம்ப் ஸ்டாப் நசுங்கித் துண்டுதுண்டாகியிருந்தது. "கோயிலோவர் போட்டிருந்தா டயர் தப்பிச்சிருக்குமா?" என்று கேட்டார். கோயிலோவர் என்பது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்தே வரும், உயரத்தை மாற்றக்கூடிய தொகுதி. தப்பியிருக்காது என்றேன். தாழ்த்தும்போது சக்கரத்தின் மேற்பக்கம் உட்புறமாகச் சாய்கிறது, டோவும் (மேலிருந்து பார்க்கையில் சக்கரம் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் அளவு) மாறுகிறது. எதைக்கொண்டு தாழ்த்தினோம் என்பது டயருக்குத் தெரியாது. சாய்வு மட்டும் டயரை இவ்வளவு விரைவில் தின்பதில்லை. டோவும் கெட்டால்தான் இந்தக் கதி. தாழ்த்திய பிறகு அலைன்மென்ட் செய்யவே இல்லை என்பது பேச்சில் தெரிந்தது.

ஸ்பிரிங் மேட்டில் வாங்கிய ஆற்றலைச் சேர்த்து வைத்துத் திருப்பித் தருகிறது. அந்தத் துள்ளலை அடக்குவது ஷாக்கின் வேலை. லோயரிங் ஸ்பிரிங் குட்டையாக இருப்பதால், எஞ்சிய குறைந்த இடத்திலேயே காரைத் தாங்க அதைக் கூடுதல் விறைப்பாகச் செய்கிறார்கள். ஸ்பிரிங் 30 விழுக்காடு விறைப்பானால், அதே அளவு அடக்கத்துக்கு ஷாக் ஏறக்குறைய 14 விழுக்காடு கூடுதலாக உழைக்க வேண்டும். புதிய ஷாக் ஓரளவு ஈடுகொடுக்கும். தேய்ந்தது ஹிகின்சன் நெடுஞ்சாலையின் பால இணைப்புகளிலேயே காரை இரண்டு மூன்று முறை ஆட விடும்.

அதைவிட முக்கியமானது, சக்கரம் மேலெழுவதற்கு மிச்சமிருக்கும் தூரம். ஜிடிஐ தொழிற்சாலையிலேயே சாதாரண கோல்ஃபைவிட 15 மி.மீ. தாழ்வாகத்தான் வருகிறது. அதற்கும் கீழே இன்னும் 40 மி.மீ. இறக்கினால் ஷாக்கின் தண்டு எந்நேரமும் பாதி உள்ளே அமுங்கிய நிலையில்தான் வேலை செய்யும். தனியாளாக ஓட்டும்போது இது தெரியாது. காவடி நாளில் அம்மா, அக்கா, குழந்தைகள், பால்குடம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு மவுண்ட் எட்ஜ்கம் முருகன் கோயிலுக்குப் புறப்பட்டால், முதல் வேகத்தடையிலேயே பின்பக்கம் 'டொக்' என்று இடிக்கும். 2022 ஏப்ரல் வெள்ளத்திற்குப் பிறகு நம் சாலைகள் பலவற்றின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே, ஸ்பிரிங் மட்டும் மாற்ற விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது: 25 மி.மீ. அளவோடு நிறுத்துங்கள், ஷாக் பழையதென்றால் தாழ்த்திய கார்களுக்கென்றே குட்டையாகச் செய்யப்பட்ட பில்ஸ்டைன் பி8 போன்றவற்றைச் சேர்த்தே போடுங்கள். அன்றாடம் வேலைக்குப் போகும் காருக்கு இந்தச் சேர்க்கை பெரும்பாலும் போதும். இதை நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

கோயிலோவரின் சிறப்பு, ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்கொன்று பொருத்தமாகச் சேர்ந்தே வருவதுதான். உயரத்தை மாற்றலாம் என்பது அதற்கு அடுத்தபடி. அதன் உடலிலுள்ள மரையில் ஏறியிறங்கும் வளையத்தை இறுக்கினால் ஸ்பிரிங் விறைப்பாகும் என்று பலர் நம்புகிறார்கள். வழக்கமான ஸ்பிரிங்கில் அப்படி நடக்காது. கார் உயரும், அவ்வளவுதான். அதே வளையத்தை இறக்கினால் கார் தாழ்கிறது, சக்கரத்தின் மேல்நோக்கிய பயணமும் குறைகிறது. ஷாக்கின் கீழ்ப்பிடி தனியே திருகும் வகையில்தான் பயணத்தைக் குறைக்காமல் உயரத்தை மாற்ற முடியும். கோல்ஃபின் பின்பக்கத்திலோ ஸ்பிரிங் ஓரிடத்திலும் ஷாக் வேறிடத்திலும் இருப்பதால், அங்கே கோயிலோவர் என்பது பெயரளவில்தான்.

ஷாக்கின் விறைப்பை மாற்றும் குமிழ் உள்ளவற்றை வாங்குகிறவர்களில் பலர் முதல் நாளே அதைக் கடைசிவரை திருகிவிடுகிறார்கள். அப்போது சக்கரம் பள்ளத்தைத் தொடராமல் துள்ளுகிறது. சாலையைத் தொடாத டயரால் பிரேக்கும் பிடிக்க முடியாது, வளைவில் பற்றவும் முடியாது. போதாக்குறைக்கு நம்மிடம் கடற்காற்று வேறு. ஆண்டுக்கு இருமுறையாவது மரைகளைக் கழுவிச் சுத்தம் செய்யாவிட்டால் வளையம் துருவேறி இறுகிப்போகும்; பிறகு உயரத்தை மாற்றும் வசதிக்குக் கொடுத்த பணம் வீண். கேடபிள்யூ நிறுவனம் தன் கோயிலோவர்களைத் துருப்பிடிக்காத எஃகில் செய்வதற்குக் காரணம் இதுதான். கையில் பணம் இருந்தால் டர்பனில் அதை வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மலிவான கோயிலோவரைவிட நல்ல ஸ்பிரிங்கும் நல்ல ஷாக்கும் எப்போதும் மேல்.

பந்தயத்தளத்துக்கு அடிக்கடி போகிறவர், ஒவ்வொரு சக்கரத்திலும் விழும் எடையைத் தராசில் வைத்துச் சரிசெய்ய விரும்புகிறவர் கோயிலோவர் வாங்கட்டும். அவரும் அளவோடு இறக்குவதே நல்லது. கோல்ஃப் போன்ற காரில் சக்கரத்தைக் காரோடு இணைக்கும் முன்பக்கக் கீழ்க்கை கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், வளைவில் காரின் உடல் சாய்வதற்கான நெம்புகோல் நீள்கிறது. பார்வைக்குப் பந்தயக் கார், வளைவிலோ முன்பைவிட மோசம்.

எதைப் பொருத்தினாலும், சக்கரத்தைத் தாங்கும் கைகளின் மூட்டிலுள்ள புஷ் (ரப்பர் உறை) போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கக் கூடாது. காரின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே இறுக்க வேண்டும். இல்லையென்றால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே நின்று சில மாதங்களில் கிழியும். முன்விளக்கின் உயரத்தையும் சரிபாருங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். சொல்லாமல் விட்ட மாற்றம் இழப்பீடு கேட்கும் நாளில் தடையாக வந்து நிற்கலாம்.

அந்த இளைஞரின் காருக்கு 25 மி.மீ. ஸ்பிரிங்கும் குட்டை ஷாக்கும் போட்டு, அலைன்மென்ட் செய்து கொடுத்தோம். இன்னும் கொஞ்சம் இறக்கியிருக்கலாமே என்ற குறை அவர் முகத்தில் தெரிந்தது. அவர் வீடு மேட்டில் இருப்பதால் கூடவே போனேன். வாசல் ஏற்றத்தில் முன் பம்பருக்கும் சிமெண்டுக்கும் நடுவே குனிந்து கைவைத்துப் பார்த்தேன்; இரண்டு விரல் நுழைந்தது.