நிறமாலை வேண்டாம், அதிர்வெண் பகுப்பி போதும்

பாட்டின் ஒலிகளைக் கலந்து சமன் செய்யும் மிக்ஸிங் பழகும் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, நிறமாலைப் பகுப்பாய்வியில பாஸ் ஒலி எந்த நிறம்?" அவன் மேல் தப்பே இல்லை. ஒலியை அதிர்வெண் வாரியாகப் பிரித்துக் காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரை அப்படி மொழிபெயர்த்து வைத்தவர்கள் மேல்தான் தப்பு. இந்தச் சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

ஸ்பெக்ட்ரம் லத்தீன் சொல், தோற்றம் என்று பொருள். பட்டகம் பிரித்துக் காட்டிய வண்ணப் பட்டைக்கு நியூட்டன் 1672இல் வெளியான கட்டுரையில் அதைப் பயன்படுத்தினார். அதைத்தான் நாம் நிறமாலை என்றோம். ஒளிக்கு அருமையான சொல்தான். ஆனால் மூலச் சொல்லில் நிறம் இல்லை, அதனால் அது ஒலிக்கும் வானொலிக்கும் சுலபமாகப் பொருந்திவிட்டது. நம் சொல்லிலோ நிறம் முன்னாலேயே நிற்கிறது.

இந்தக் கருவி என்ன காட்டுகிறது? இடது ஓரம் 20 ஹெர்ட்ஸ், வலது ஓரம் 20,000, கோட்டின் உயரம் அந்தந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்பது. 60 ஹெர்ட்ஸ் பக்கம் கிக் டிரம் (காலால் அடிக்கும் பெரிய டிரம்) மேடு தட்டும், 200 முதல் 400 வரை நிறைய சேர்ந்தால் பாட்டு மந்தமாகும், 5,000க்கு மேலே பாடகரின் 'ஸ' ஓசை குத்தும். இதில் நிறத்துக்கு என்ன வேலை? ஒலி நேரத்தோடு மாறுவதைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் நிறம் உண்டு, ஆனால் அங்கே அது ஒலியின் வலுவைக் காட்டுகிறதே தவிர அதிர்வெண்ணை அல்ல. நிறமாலை என்று படித்துவிட்டு வருபவன் அதைத் தலைகீழாகத்தான் புரிந்துகொள்வான். 'பிங்க் நாய்ஸ்' என்று ஒலிக்கே நிறப் பெயர் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, அது ஒளியிலிருந்து எடுத்த உவமை, ஒரு வகை இரைச்சலின் பெயர். கருவிக்கே பெயராக வைத்தால் உவமை என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

அலைக்கற்றை என்கிறார்கள் சிலர். 2ஜி ஒதுக்கீட்டு விவகாரத்துக்கு அப்புறம் அந்தச் சொல் அரசு விற்கும் வானொலி அலைத் துண்டு என்றே மனதில் பதிந்துவிட்டது, இனி மீட்க முடியாது. இதைவிட மோசம் அதிர்வெண்ணையே அலைவரிசை என்று எழுதுவது. அலைவரிசை டிவி சேனல் அல்லவா? "குறைந்த அலைவரிசையை வெட்டுங்கள்" என்றால் புதிதாக வருபவன் எதை வெட்டுவான்? இலங்கையில் மீடிறன் என்கிறார்கள், அங்கே அதையே வைத்துக்கொள்ளட்டும், குழப்பமே இல்லாத சொல். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைப் புரட்டும் முன் ஒருமுறை கருவியைத் திறந்து பார்த்திருந்தால் இவ்வளவு சிக்கல் வந்திருக்காது.

என் தேர்வு அதிர்வெண் பகுப்பி. பகுப்பாய்வி அல்ல, ஏனென்றால் இது ஆய்வதில்லை. ஃபூரியே கணக்கு வழியே ஒலியை அதிர்வெண் அதிர்வெண்ணாகப் பிரித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆய்வு நம் காதின் வேலை. தம்பியிடமும் அப்படியே சொன்னேன்: பகுப்பியில் 60 பக்கம் கிக்கும் பாஸும் முட்டுது பார், கண்ணை மூடிக் கேட்டுவிட்டு எதைக் குறைப்பது என்று நீயே முடிவு செய்.