பசுமைக்குடிலில் தக்காளிக்குப் பதில் என்ன வைக்கலாம்?

மொரீசியஸில் கரும்பை விட்டுவிட்டுப் பசுமைக்குடில் போட நினைக்கிற நிலச் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி இதுதான். சந்தையில் எதற்கு விலை என்று பார்ப்பதற்கு முன்னால், அந்தச் செடியின் பூ நம் கோடையைத் தாங்குமா என்று பாருங்கள் என்பேன்.

ஐரோப்பாவில் குளிரைத் தடுக்கக் குடில் போடுகிறார்கள். இங்கே கதை வேறு. வெயில் பிளாஸ்டிக் வழியாக உள்ளே வந்து செடியையும் தரையையும் சூடாக்குகிறது, சூடான காற்று வெளியேற வழி குறைவு, போதாததற்குப் பூச்சி வராமல் இருக்க நாம் கட்டுகிற வலை காற்றோட்டத்தை இன்னும் குறைத்துவிடுகிறது. பகலில் 32 டிகிரியைத் தாண்டி, இரவிலும் 24க்குக் கீழே இறங்காவிட்டால் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூ காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். செடி மட்டும் பச்சைப்பசேலென்று நிற்கும். 550 மீட்டர் உயரத்தில் இருக்கும் கியூர்பிப்பில் கடலோரத் தலைநகர் போர்ட் லூயிஸைவிட மூன்று டிகிரியாவது குறைவாக இருக்கும் என்பதால், அங்கே ஓடுகிற பயிர் கீழே ஓடாது.

சரி, குடைமிளகாய், கத்தரி என்று மாற்றலாமா? அது மாற்றமே இல்லை. எல்லாம் ஒரே குடும்பம், மண்ணில் இருக்கும் வாடல் நோய் பாக்டீரியா மூன்றையும் தாக்கும். வாடிய செடியின் தண்டை வெட்டி, ஒரு கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் நுனி மட்டும் படும்படி பிடித்துப் பாருங்கள்; சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை இழை கீழே இறங்கினால் அந்த பாக்டீரியாதான். அந்த மண்ணில் இந்தக் குடும்பமே வேண்டாம், இல்லாவிட்டால் தேங்காய்நார்க் கழிவு நிரப்பிய பைக்கு மாறிவிடுங்கள்.

வலை கட்டினால் தேனீயும் வராது, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதனால்தான் குடிலுக்கு என்றே மகரந்தச் சேர்க்கை இல்லாமல் காய்க்கும் வெள்ளரி ரகங்கள் இருக்கின்றன. தர்பூசணியை உள்ளே வைத்தால் ஒவ்வொரு பெண் பூவிலும் நீங்களே மகரந்தத்தைத் தொட்டுவைக்க வேண்டியிருக்கும்.

தேனீயே தேவைப்படாத பயிர் ஆந்தூரியம். நாம் பூ என்று விற்கிற அந்தச் சிவப்பு மடல் உண்மையில் ஓர் இலை. நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் குச்சியில் இருக்கும் பொடிப்பொடிப் புள்ளிகள்தான் பூக்கள். காய் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஈரமான வெப்பக்காட்டுச் செடி என்பதால் நல்ல நிழல்வலைக்கடியில் நம் சூடு அதற்குப் பிடிக்கும்.

எனக்கு அதிகம் பிடித்தது வனிலா. பாதி வெயிலை மறைக்கும் வலை அதற்குப் போதும். இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்துக்கொள்வதால் பகல் சூட்டில் அது தண்ணீரை அதிகம் இழப்பதில்லை. மகரந்தம் கையால்தான். 1841இல் பக்கத்து ரெயூனியன் தீவில் எட்மோன் அல்பியுஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையைத்தான் இன்றும் செய்கிறோம்: காலையில் விரிந்த பூவைப் பிடித்து, உள்ளே மகரந்தத்துக்கும் அதை வாங்கும் சூல்முடிக்கும் நடுவே இருக்கும் மெல்லிய சவ்வை ஒரு சிம்பால் தூக்கி, இரண்டும் ஒட்டும்படி கட்டைவிரலால் அழுத்திவிட வேண்டும். மதியத்துக்குள் பூ வாடிவிடும். கொடி பூக்க மூன்று வருடம், அப்புறம் காய் முற்ற எட்டு, ஒன்பது மாதம். பொறுமையும் ஆள்பலமும் இல்லாதவர்கள் இதில் இறங்காதீர்கள்.

அப்புறம் புயல். 2024 ஜனவரியில் பெலால் வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டோம். வருடக்கணக்கில் நிற்கிற பயிருக்குக் கழற்றிவிடக்கூடிய வலைக்கூரை போடுங்கள். பிளாஸ்டிக் கூரைதான் இருக்கிறது என்றால், மூன்று மாதத்தில் முடிகிற வெள்ளரியைப் புயல் காலம் ஓய்ந்த ஏப்ரலுக்குப் பிறகு நடுங்கள்.