7/8 என்பது எந்த நாள்? மொபைல் செயலிகளில் தேதியும் நேரமும்

கண் மருத்துவமனை ஒன்றுக்காக நாங்கள் உருவாக்கிய முன்பதிவுச் செயலியில், கண்புரை அறுவை செய்துகொண்ட ஓர் அம்மாவுக்கு மறுபரிசோதனை ஜூலை 8 அன்று குறிக்கப்பட்டிருந்தது. அன்று அவர் வரவில்லை. வரவேற்பில் இருந்த பெண் போன் செய்து கேட்டபோது, "இன்னும் ஒரு மாசம் இருக்கேம்மா, ஆகஸ்ட் ஏழுன்னுதானே போட்டிருக்கு" என்று பதில் வந்தது. அவருடைய போனில் செயலியைத் திறந்து பார்த்தோம். 7/8 என்றுதான் போட்டிருந்தது. மறுநாளே வந்து பரிசோதனை செய்துகொண்டார். கண்ணுக்கு எந்தக் கேடும் நேரவில்லை. ஆனாலும், சொட்டு மருந்தை எப்போது நிறுத்துவது என்று முடிவு செய்ய வேண்டிய ஒரு நாள் எங்கள் திரையினால் தவறிப்போனது.

அவருடைய மகன் போனை வாங்கிக் கொடுத்த அன்று, மொழிப் பட்டியலில் கண்ணில் பட்ட ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அது அமெரிக்க ஆங்கிலம். எங்கள் செயலி, எல்லாக் கையேடுகளும் சொல்கிறபடியே, போனின் லொகேலை, அதாவது மொழியையும் நாட்டையும் சொல்லும் அமைப்பை, கேட்டு அதன் சுருக்கமான தேதி வடிவத்தை எடுத்துக்கொண்டது. அமெரிக்க முறையில் மாதம் முன்னும் நாள் பின்னும் வரும் என்பதால், நிரல் குறியீட்டில் பிழை என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை. லொகேல் என்பது போனில் யாரோ ஒருநாள் தேர்ந்தெடுத்த அமைப்பு மட்டுமே. அந்தப் போனைப் பிடித்திருப்பவர் தேதியைப் படிக்கும் பழக்கத்தை அது காட்டும் என்பதற்கு நம் ஊரில் எந்த உத்தரவாதமும் இல்லை என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

சோதனையில் இது ஏன் பிடிபடவில்லை என்று பார்த்தபோது, நாங்கள் போட்டுப் பார்த்த தேதிகள் பெரும்பாலும் மாதக் கடைசியில் இருந்தன. 25/7 என்பதை யாரும் தவறாகப் படிக்க முடியாது. ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்களை இரண்டு விதமாகவும் படிக்கலாம். அவற்றில் 7/7 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருப்பது ஒரு நாள். ஆக, மாதத்துக்கு 11 நாட்கள் வீதம், ஆண்டுக்கு 132 நாட்கள் குழப்பத்துக்கு இடம் தருபவை. அதன் பிறகு நாங்கள் எழுதும் எந்தச் செயலியிலும், மனிதர் படிக்கும் இடத்தில் மாதத்தை எண்ணால் காட்டுவதில்லை. "8 ஜூலை" என்று இருந்தாலும் "ஜூலை 8" என்று இருந்தாலும் பொருள் ஒன்றுதான். எழுத்தில் மாதப் பெயர் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, வரிசையை லொகேலுக்கு விட்டுவிடும் வசதி ஐஓஎஸ், ஆண்ட்ராய்டு, இரண்டுக்கும் செயலி எழுத உதவும் ஃப்ளட்டர் மூன்றிலும் உண்டு.

இதற்கு நேர் எதிரான தவறு, சர்வருக்கு அனுப்பும் தேதியையும் லொகேலிடம் ஒப்படைப்பது. இயந்திரங்களுக்கிடையே செல்லும் தேதிக்கு, 1988-இல் முதன்முதலாக வெளியான ஐஎஸ்ஓ 8601 தரத்தின்படி ஆண்டு, மாதம், நாள் என்ற ஒரே வடிவம் போதும். அந்த வடிவத்தைச் சரியாக எழுதியும், லொகேல் எது என்று சொல்லாமல் விட்டால், ஆண்ட்ராய்டு போனின் மொழி மராத்தியாகவோ வங்காளமாகவோ நேபாளியாகவோ இருக்கும்போது இலக்கங்கள் அந்தந்த எழுத்திலேயே வெளிவருகின்றன; எகிப்திய அரபியிலும் அப்படியே. சர்வர் அதைத் தேதி என்றே ஏற்காது. தமிழுக்குத் தனி எண்கள் இருந்தும், இயல்பமைப்பில் 0 முதல் 9 வரையிலான எண்களே வருவதால், தமிழில் மட்டும் சோதித்தவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது. ஐபோனில் வேறொரு வகைச் சிக்கல் உண்டு. தாய்லாந்து அமைப்பில் பௌத்த நாட்காட்டி இயங்குவதால் 2024 என்பது 2567 ஆகிவிடும். பயனர் 24 மணி நேர முறையை மாற்றி வைத்திருந்தால், நிலையான வடிவத்தில் வந்த நேரத்தைப் படிக்கும் குறியீடு தடுமாறும். இதற்காகவே "என் யூஎஸ் பாசிக்ஸ்" என்ற மாறாத லொகேலைப் பயன்படுத்தும்படி ஆப்பிள் பல ஆண்டுகளாக டெவலப்பர்களுக்குச் சொல்லிவருகிறது. ஆண்ட்ராய்டில் அந்த வேலைக்கு "லொகேல் ரூட்" இருக்கிறது.

குறியீட்டில் தேதி வடிவத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சின்ன ஒய் (y) நாட்காட்டி ஆண்டையும் பெரிய ஒய் (Y) வார ஆண்டையும் குறிக்கும். வார ஆண்டு என்பது, அந்த வாரம் எந்த ஆண்டின் கணக்கில் சேர்கிறதோ அந்த ஆண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால், பெரிய ஒய் போட்டவருக்குத் தவறு தெரிவதில்லை. 2024 டிசம்பர் 29 ஒரு ஞாயிற்றுக்கிழமை. இந்திய, அமெரிக்க அமைப்புகளில் வாரம் ஞாயிறன்று தொடங்குவதாலும், 2025 ஜனவரி 1 அதே வாரத்தில் விழுவதாலும், அந்த டிசம்பர் 29 பெரிய ஒய் போட்ட செயலிகளில் 2025 டிசம்பர் 29 என்று தெரியும். ஆண்டிறுதி விடுமுறையில் யாரும் அலுவலகத்தில் இல்லாத நேரத்தில்தான் இந்தப் பிழை தலைகாட்டும்.

எனக்கு இவை எல்லாவற்றையும்விடக் கவலை தருவது பிறந்த தேதி. குழந்தைகளின் தடுப்பூசி நாட்களை நினைவூட்டும் செயலி ஒன்றை மறுஆய்வு செய்யும் பொறுப்பு எனக்கு வந்தது. தாய் தமிழ்நாட்டில் இருந்தபடி குழந்தையின் பிறந்த தேதியாக மார்ச் 10 என்று பதிகிறார். செயலி அதை மார்ச் 10 நள்ளிரவு 12 மணி என்று ஒரு கணமாக மாற்றி, யூடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் சேமிக்கிறது. இந்திய நேரம் யூடிசியைவிட ஐந்தரை மணி நேரம் முந்தியது என்பதால் சேமிக்கப்படுவது மார்ச் 9 மாலை 6:30. துபாயில் வேலை பார்க்கும் தந்தை அதே கணக்கைத் தம் போனில் திறக்கும்போது, அங்கே அது மார்ச் 9 இரவு 10:30. நேரத்தை மறைத்துத் தேதியை மட்டும் காட்டும் திரையில், குழந்தை ஒரு நாள் முன்பே பிறந்ததாகிவிடுகிறது. அவர் எதையோ திருத்தச் சென்று சேமித்துவிட்டால், தாயின் போனிலும் தவறான தேதியே நிலைத்துவிடும். பிறந்த நாள் என்பது ஒரு கணம் அல்ல, நாட்காட்டியில் உள்ள ஒரு நாள். அதற்கு நேரமும் கிடையாது, நேர மண்டலமும் கிடையாது. அதை அப்படியே ஆண்டு, மாதம், நாள் என்று மட்டும் சேமிக்க வேண்டும். ஜாவா, காட்லின் என்ற நிரல் மொழிகள் இரண்டிலும் "லோக்கல் டேட்" என்ற வகை இதற்கென்றே இருக்கிறது.

பிறந்த நேரமும் தேவைப்படும் செயலிகளில், அதாவது ஜாதகம் கணிக்கும் செயலிகளில், நேர மண்டலத்தை ஒரு நிலையான எண்ணாக எழுதிவிடுவது பெரும் தவறு. கொழும்பு என்றால் ஐந்தரை மணி என்று இன்று எழுதுவது சரி. ஆனால் இலங்கை 1996 மே மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, அதே ஆண்டு அக்டோபரில் அரை மணி பின்னுக்கு இழுத்து, 2006 ஏப்ரலில்தான் மீண்டும் ஐந்தரைக்கு வந்தது. 2000-ஆம் ஆண்டு கொழும்பில் பிறந்தவருக்கு இன்றைய எண்ணை வைத்துக் கணித்தால் அரை மணி நேரம் பிசகும். ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும் லக்னம், எல்லையில் பிறந்தவருக்கு மாறியே போகும். சிங்கப்பூரும் 1981 டிசம்பர் 31 இரவு 11:30-க்குக் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளி, ஏழரையிலிருந்து எட்டுக்கு மாறியது. இந்த வரலாறு முழுவதும் மென்பொருள்கள் பொதுவாகப் பயன்படுத்தும் ஐயானா நேர மண்டலத் தரவில் ஊர்ப் பெயரின் கீழ் பதிவாகியிருக்கிறது. "ஏசியா/கொழும்பு" என்ற பெயரைச் சேமித்தால் போதும், கணக்கை அது பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்டி போன்ற சுருக்கப் பெயர்களைச் சேமிக்க வேண்டாம். இந்தியா, அயர்லாந்து, இஸ்ரேல் மூன்றும் அந்தச் சுருக்கத்தைப் பயன்படுத்துகின்றன.

திரையில் காட்டிய நேரத்தையே மீண்டும் உரையாக வாங்கிப் படிக்கும் குறியீடும் ஆபத்தானது. ஒவ்வொரு மொழிக்குமான தேதி, நேர வடிவங்களைத் தொகுத்துத் தரும் பொதுத் தரவான சிஎல்டிஆரின், 2022 அக்டோபரில் வந்த 42-ஆம் பதிப்பில், ஆங்கில நேரத்தில் ஏஎம், பிஎம் என்பவற்றுக்கு முன்னால் இருந்த சாதாரண இடைவெளி, கண்ணுக்கு வேறுபாடு தெரியாத குறுகிய இடைவெளியாக மாற்றப்பட்டது. அதை எதிர்பாராத மென்பொருள்கள் பல இடங்களில் நின்றுபோயின.

தமிழ்த் திரைக்கு வருவோம். "2 நாட்கள்" என்பதையும் "முன்பு" என்பதையும் தனித்தனியாக மொழிபெயர்த்து ஒட்டினால் "2 நாட்கள் முன்பு" என்றுதான் வரும்; "2 நாட்களுக்கு முன்பு" என்பது முழு வாக்கியமாக மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தால்தான் கிடைக்கும். தேதிக்குப் பின் "அன்று", "வரை", "முதல்" எல்லாம் பின்னால் ஒட்டுகின்ற மொழி நம்முடையது என்பதால், ஆங்கிலத்தில் முன்னால் வரும் சொல்லுக்கு ஒரு தனி இடம் ஒதுக்கும் வடிவமைப்பு இங்கே உடையும். நேரத்திலும் அப்படியே. மாலைக் காட்சியைப் பிற்பகல் 7:30 என்று யாரும் சொல்வதில்லை. அதிகாலை, காலை, மதியம், மாலை, இரவு என்று நாளைப் பகுக்கும் தரவு சிஎல்டிஆரில் தமிழுக்கும் இருக்கிறது. வடிவத்தில் ஏ (a) என்பதற்குப் பதிலாகப் பெரிய பி (B) போட்டால் அது வரும். இலங்கைத் தமிழ் அமைப்பில் 24 மணி நேர முறையே இயல்பாக இருப்பதால், அங்கே இந்தச் சொற்களைத் திணிக்கவும் கூடாது.

இப்போது எங்கள் அலுவலகத்தில் ஒரு பதிப்பை வெளியிடுமுன் ஐந்து அமைப்புகளில் தேதி உள்ள திரைகளைத் திறந்து பார்க்கிறோம்: அமெரிக்க ஆங்கிலம், இலங்கைத் தமிழ், மராத்தி, எகிப்திய அரபி, பௌத்த நாட்காட்டியுடன் தாய்லாந்து. போனின் நேர மண்டலத்தைத் துபாய்க்கும் நியூயார்க்குக்கும் மாற்றிப் பிறந்த தேதி நகர்கிறதா என்று பார்க்கிறோம். போட்டுப் பார்க்கும் தேதிகளில் டிசம்பர் 29 இருக்கும். அந்த அம்மாவின் ஜூலை 8-உம் இருக்கும்.