கணவாய் நரம்பும் ஆஸ்திரேலியப் பங்கும்: மூளை மாதிரி சிப் எப்படி வேலை செய்கிறது?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ராமேசுவரம், மண்டபம், தொண்டி என எந்த இறங்குதளத்துக்குப் போனாலும் படகுகள் கட்டிக் கிடக்கும். வலை பொத்துகிறவர்களும் எஞ்சின் பிரிக்கிறவர்களும் போக, மற்றவர் கையில் செல்போன். பேச்சு டீசல் விலையில் தொடங்கிப் பங்குச் சந்தைக்குப் போய்விடுகிறது. கீழக்கரைப் பக்கம் இது இன்னும் கூடுதல். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தக்காரர் இருக்கிற ஊர் என்பதால், வெளிநாட்டுப் பங்கு அங்கே அப்படியொன்றும் அந்நியச் சரக்கு இல்லை. அண்மையில் அங்கே காதில் விழுந்த பேச்சு ஒன்று, பிரெயின்சிப் என்கிற ஆஸ்திரேலிய நிறுவனத்தைப் பற்றியது. (அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.)

"காக்கா, பென்ஸ் காருக்குள்ளயே இந்தச் சிப்ப வச்சுட்டாங்க. மனுச மூளை மாதிரியே வேலை செய்யுதாம். கரண்டே திங்காதாம். வாங்கிப் போட்டுட்டு மறந்துட வேண்டியதுதான்."

"கார்ல இருக்கட்டும் தம்பி. கம்பெனி கல்லாவுல என்ன இருக்கு?"

இருவர் கேட்டதும் வெவ்வேறு கேள்வி. ஆனால் சிப் எப்படி மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறது என்று விளங்கினால்தான், எந்தக் கல்லாவில் பணம் விழும் என்பதும் விளங்கும். அதனால் முதலில் சிப். அதற்கும் முன்னால், கணவாய்.

நம் கடலில் வலையில் ஏறும் ஊசிக்கணவாய் ஆபத்தைக் கண்டால் உடம்பைச் சுருக்கி, உள்ளிருக்கும் நீரைப் பீய்ச்சிப் பின்னோக்கிப் பாயும். உடம்பு முழுக்க ஒரே நொடியில் சுருங்கவேண்டுமென்றால் கட்டளை வேகமாகப் போய்ச் சேரவேண்டும். அதற்காக அதன் நரம்பிழை ஒன்று ஒரு மில்லிமீட்டர் வரைகூடத் தடித்திருக்கிறது. நம் உடம்பின் நரம்பிழைகளோ மைக்ரோமீட்டரில் அளக்கவேண்டியவை. இவ்வளவு தடித்த இழைக்குள்தான் கம்பியைச் செருகி மின்னழுத்தத்தை அளக்க முடியும். 1939-ல் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் இங்கிலாந்தின் பிளிமத் ஆய்வகத்தில் அதைச் செய்தார்கள். இடையில் போர் வந்து வேலை நின்றது. நரம்பில் மின்துடிப்பு எப்படி எழுகிறது என்பதற்கான சமன்பாடுகளை 1952-ல் வெளியிட்டார்கள். 1963-ல் நோபல் பரிசு. உலக நரம்பியலுக்கே அடித்தளம் போட்டது கணவாய் என்பது நம் பக்கத்துக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய விஷயம்தான்.

அவர்கள் கண்டது இது. சும்மா இருக்கும் நரம்பின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 60, 70 மில்லிவோல்ட் தாழ்ந்திருக்கிறது. சின்னத் தூண்டல் வந்தால் அந்த அழுத்தம் சற்றே ஏறி, பிறகு தானாக வடிந்துவிடும். தூண்டல் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் சோடியம் அயனிகள் உள்ளே பாய்ந்து, ஒரு மில்லிநொடி அளவில் 100 மில்லிவோல்ட் துள்ளல் ஒன்று எழுந்து அடங்கும். அரைத் துடிப்பு, கால் துடிப்பு என்பதெல்லாம் கிடையாது. எல்லையைத் தாண்டினால் முழுத் துடிப்பு, தாண்டாவிட்டால் ஒன்றுமே இல்லை.

பொறியாளர்கள் இதை மூன்று வரி விதியாகச் சுருக்கிவிட்டார்கள். வருகிற துடிப்புகளைக் கூட்டிக்கொண்டே போ. கூட்டியதில் கொஞ்சம் எப்போதும் கசிந்துகொண்டிருக்கட்டும். எல்லை தாண்டினால் நீயும் ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு, கணக்கைப் பூச்சியத்துக்குக் கொண்டுவா. கசிவு எதற்கு என்று தோன்றலாம். அது இல்லாவிட்டால் நேற்று வந்த துடிப்பும் இன்று வந்த துடிப்பும் ஒன்றாகச் சேர்ந்து பொய்யான எச்சரிக்கை எழும். அடுத்தடுத்து நெருங்கி வருவதுதான் சேதி என்பதைக் கசிவுதான் கண்டுபிடித்துத் தருகிறது. 1980-களில் கலிபோர்னியாவின் கால்டெக்கில் கார்வர் மீட் இத்தகைய நரம்புகளைச் சிலிக்கானிலேயே வடிக்க முயன்றார். அவருடைய மாணவி மிஷா மஹோவால்ட் சிலிக்கான் விழித்திரை ஒன்றையே செய்துகாட்டினார். நியூரோமார்ஃபிக், அதாவது நரம்பைப் பார்த்துச் சிப் வடிக்கும் துறை, அங்கிருந்து கிளைத்தது.

மின்சாரம் எங்கே மிச்சமாகிறது? வழக்கமான கணினியில் கணக்குப் போடும் இடம் ஒன்று, எண்களை வைத்திருக்கும் நினைவகம் இன்னொன்று. கணக்குப் போடுவதைவிட எண்ணைத் தூக்கிக்கொண்டு வருவதற்குத்தான் செலவு அதிகம். ஸ்டான்ஃபோர்டின் மார்க் ஹொரோவிட்ஸ் 2014-ல் தந்த கணக்கின்படி, அன்றைய 45 நானோமீட்டர் சிப்பில் இரண்டு 32 பிட் எண்களைப் பெருக்க ஏறத்தாழ 4 பிக்கோஜூல் போதும். அதே அளவு எண்ணை வெளி நினைவகத்திலிருந்து எடுத்துவர அதைப்போல் நூறு மடங்குக்கு மேல் ஆகும். செயற்கை நுண்ணறிவு என்பது கோடிக்கணக்கான எண்களை ஓயாமல் எடுத்து வந்து பெருக்கும் வேலை. நம் மூளையோ 8,600 கோடி நரம்பணுக்களை வைத்துக்கொண்டு சுமார் 20 வாட்டில் காலம் தள்ளுகிறது. அங்கே நினைவும் கணக்கும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பெரும்பாலான அணுக்கள் பெரும்பாலான நேரம் வாய் திறப்பதே இல்லை.

வள்ளத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் நொடிக்கு ஒருமுறை கயிற்றைச் சுருட்டி முள்ளைப் பார்ப்பதில்லை. விரலில் சுண்டினால்தான் இழுப்பார். சாதாரணக் கேமரா நொடிக்கு 30 தடவை முழுப் படத்தையும் எடுத்துத் தள்ளுகிறது, முன்னால் ஒன்றுமே அசையாவிட்டாலும். நிகழ்வுக் கேமரா என்று ஒரு வகை இருக்கிறது. அதில் ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சம் மாறினால்தான் சேதி அனுப்பும். நியூரோமார்ஃபிக் சிப் செய்வதும் இதே சுண்டல் கணக்குதான்.

பெரிய நிறுவனங்களும் இதில் கை வைத்திருக்கின்றன. ஐ.பி.எம். 2014-ல் காட்டிய ட்ரூநார்த்தில் 10 லட்சம் நரம்பணுக்கள் இருந்தன; அது வேலை செய்யும்போது 70 மில்லிவாட் அளவில்தான் தின்றது. இன்டெல் 2017-ல் லோயிஹியைக் கொண்டுவந்தது, 2021-ல் அதன் இரண்டாம் தலைமுறையை. இவை பெரும்பாலும் ஆய்வகங்களோடு நின்றுவிட்டன. பிரெயின்சிப்பின் அகிடா, கடையில் விற்கவேண்டும் என்ற நோக்கத்தோடு வந்தது. சிறு முதலீட்டாளர்களின் கண் அதன்மேல் விழுந்ததற்கு அது முக்கியக் காரணம்.

அகிடாவுக்குள் உயிரியல் துடிப்பு எதுவும் ஓடவில்லை. முழுக்க டிஜிட்டல் சிப் அது. வழக்கமான முறையில் பயிற்றுவித்த நரம்பு வலைப்பின்னலை, அதாவது செயற்கை நுண்ணறிவின் கணக்கு வலையை, வாங்கி, எண்களை (முதல் தலைமுறை அகிடாவில் 1, 2 அல்லது 4 பிட் அளவுக்கு) சுருக்கி, பூச்சியமாக வரும் இடங்களைக் கணக்கிடாமல் தாண்டிப்போகிறது. இத்தகைய வலைப்பின்னல்களில் எதிர்மறையாக வரும் மதிப்புகளைப் பூச்சியமாக்கிவிடுவது வழக்கம் என்பதால் பூச்சியங்களுக்குப் பஞ்சமே இல்லை. "இதெல்லாம் மூளையா?" என்று துறைக்குள்ளேயே முகம் சுளிப்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், மூளையைப் போல இருக்கிறதா என்பது விளம்பரப் பலகைக்கான கேள்வி. பூச்சியத்தைத் தாண்டிப் போவதால் எவ்வளவு மிச்சம் என்பதுதான் கேட்கவேண்டியது.

இங்கேதான் நம் கடல் ஒரு நல்ல பாடம் வைத்திருக்கிறது. மன்னார் வளைகுடாவிலும் பாக் நீரிணையிலும் கடற்புல் மேய்கிற கடல்பசுவை, நம்மூர் ஆவுளியாவை, ஒலியால் கண்டறிய ஒரு மிதவை செய்வதாக வைத்துக்கொள்வோம். நீருக்கடியில் ஒரு ஒலிவாங்கி, பின்னால் ஒரு சிப், ஒரு பேட்டரி. ஆவுளியா எப்போதாவதுதான் கீச்சிடும். மற்ற நேரமெல்லாம் சிப் தூங்கலாம். நியூரோமார்ஃபிக் சிப்புக்கென்றே அளந்து செய்த வேலைபோலத் தோன்றும். ஒரு சாதாரண செல்போன் பேட்டரி ஏறத்தாழ 19 வாட்-மணி. 2 வாட் தின்னும் கணினிப் பலகையைப் போட்டால் பத்து மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். 2 மில்லிவாட் தின்னும் சிப்பென்றால் 9,500 மணி நேரம், அதாவது பதின்மூன்று மாதம். மிதவையைப் பார்த்துவர எத்தனை முறை படகு எடுக்கவேண்டும், எத்தனை லிட்டர் டீசல் என்று கரைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் பவளப்பாறைக் கடல் மௌனமான கடல் இல்லை. கொடுக்கைச் சடாரென்று மூடி, அதில் உண்டாகும் நீர்க்குமிழி வெடிப்பதால் ஒலி எழுப்பும் சின்ன இறால் வகை ஒன்று உண்டு. கூட்டமாக இருக்கும்போது, எண்ணெய்ச் சட்டியில் அப்பளம் பொரிகிற மாதிரி இரவும் பகலும் பொரிந்துகொண்டே இருக்கும். அந்தச் சத்தம் அப்படியே உள்ளே போனால் ஒவ்வொரு வெடிப்பும் ஒரு நிகழ்வு, ஒவ்வொரு நிகழ்வும் ஒரு கணக்கு. பூச்சியமே வராது. தூங்கவேண்டிய சிப் முழு நேரமும் விழித்திருக்கும். சாதாரணச் சிப்பைவிட மிச்சம் பிடித்தது என்ன என்று தேடவேண்டியிருக்கும். இறால் சத்தத்தை முன்கூட்டியே வடிகட்ட ஒரு சுற்று வேண்டும். அந்தச் சுற்றுக்கும் மின்சாரம் வேண்டும். ஒலிவாங்கியின் பெருக்கிக்கும், கரைக்குச் சேதி அனுப்பும் ரேடியோவுக்கும் அதே பேட்டரிதான்.

ஆக, சிப்பின் சிக்கனம் சிப்பில் பாதி, அதற்கு வந்து சேரும் உலகத்தில் பாதி. "இத்தனை மடங்கு சிக்கனம்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும், எந்த வேலையில், எவ்வளவு அமைதியான உள்ளீட்டில், சாதனத்தின் மொத்தச் செலவில் அந்தச் சிப்பின் பங்கு எவ்வளவு என்று கேட்டாக வேண்டும். மொத்தச் செலவில் பத்தில் ஒரு பங்குதான் சிப்புக்குப் போகிறது என்றால், அதைப் பத்து மடங்கு சிக்கனமாக்கினாலும் பேட்டரிச் செலவில் 9 சதவீதம்தான் குறையும்.

இந்த அளவுகோலோடு பென்ஸ் காருக்கு வருவோம். 2022 ஜனவரியில் மெர்சிடிஸ், விஷன் இ.க்யூ.எக்ஸ்.எக்ஸ். என்ற மின்காரைக் காட்டியது. "ஹே மெர்சிடிஸ்" என்று கூப்பிட்டால் அதைப் புரிந்துகொள்ளும் வேலைக்கு அகிடா பயன்பட்டது. வழக்கமான குரல் கட்டுப்பாட்டைவிட ஐந்து முதல் பத்து மடங்கு சிக்கனம் என்றது மெர்சிடிஸ். அந்த மாதத்திலேயே பிரெயின்சிப் பங்கு 2 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டியது. அந்தக் காரோ கண்காட்சிக்கான மாதிரி, ஷோரூமில் விற்றதில்லை. அதே ஆண்டு ஒரே சார்ஜில் 1,000 கிலோமீட்டருக்குமேல் ஓடியபோது 100 கிலோமீட்டருக்கு 8.7 யூனிட் செலவாயிற்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது 8,700 வாட். ஓடுகிற காரில் கூப்பிடு குரலைக் கேட்கும் சிப் ஒரு வாட்டை மிச்சம் பிடித்தால் காருக்குத் தெரியக்கூடச் செய்யாது. நிறுத்திவைத்த கார் மாதக்கணக்கில் காது கொடுத்துக்கொண்டிருக்க வேண்டுமென்றால் தெரியும். காதுக்குள் வைக்கும் கேட்புக் கருவி, கைக்கடிகாரம், செயற்கைக்கோள் போன்றவற்றில் இன்னும் நன்றாகத் தெரியும். சந்தைக்குப் பிடித்ததென்னவோ கார்தான்.

காக்காவின் கல்லாக் கேள்வி இங்கே வருகிறது. பிரெயின்சிப்பின் முக்கிய வியாபாரம் சிப் விற்பதல்ல, சிப்பின் வடிவமைப்பை உரிமத்துக்குக் கொடுப்பது. ஜப்பானின் ரெனசாஸ் 2020 கடைசியிலும் மெகாசிப்ஸ் 2021-லும் உரிமம் வாங்கின. உரிமம் வாங்கும்போது ஒரு தொகை. பிறகு வாங்கியவர் அதை வைத்துத் தன் சிப்பைச் செய்து, அது ஒரு பொருளுக்குள் ஏறி, விற்ற ஒவ்வொன்றுக்கும் சிறு ராயல்டி. இடையில் ஆண்டுகள் ஓடும். வாங்கியவர் மனம் மாறிக் கிடப்பில் போடவும் செய்யலாம். 2022-ல் நிறுவனத்தின் வருவாய் ஏறத்தாழ 50 லட்சம் அமெரிக்க டாலர்; 2023-ல் இரண்டேகால் லட்சத்தை ஒட்டி நின்றது. அந்த ஆண்டு நட்டமோ 2 கோடி டாலருக்கு மேல். 2024 தொடங்கும்போது பங்கு அரை ஆஸ்திரேலிய டாலருக்கும் கீழே கிடந்தது.

வருவாய் இல்லாத நிறுவனம் பொறியாளர்களுக்குச் சம்பளம் கொடுப்பது எப்படி? புதுப் பங்கு அச்சடித்து. எல்.டி.ஏ. கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனத்தோடு 2020-ல் செய்த ஒப்பந்தம் அதற்கு ஒரு வழி. தம்பி வாங்கிப் போட்டு மறந்துவிட்டால், திரும்பிப் பார்க்கும்போது அவர் பங்குகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கும், நிறுவனத்தில் அவருக்கு உரிய விகிதம் குறைந்திருக்கும். சிப் நன்றாகவே வேலை செய்தாலும் இது நடக்கும்.

வேறு எந்த நிறுவனப் பெயரோடும் அகிடாவைக் கோர்த்து, "இதற்குள்ளும் நம் சிப் இருக்கக்கூடும்" என்று துப்புத் துலக்குவதில் சிறு முதலீட்டாளர்கள் செலவிடும் இரவுகளைப் பார்த்தால் எனக்கு மலைப்புதான். அந்த உழைப்பில் கால்வாசி போதும், ஒரு காகிதத்தைப் படிக்க. ஆஸ்திரேலியச் சந்தையில் இத்தகைய நிறுவனங்கள் ஒவ்வொரு காலாண்டு முடிந்ததும் ஒரு மாதத்துக்குள் '4சி' என்ற பணவரவு அறிக்கையைத் தரவேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். அதில் முதல் வரி வாடிக்கையாளரிடமிருந்து வந்த பணம்: உரிமமும் ராயல்டியும் அங்கேதான் விழவேண்டும். எட்டாவது பகுதியில், கையிலிருக்கும் பணம் இன்னும் எத்தனை காலாண்டு தாங்கும் என்பதை நிறுவனமே எண்ணாக எழுதிக்கொடுக்கிறது.