ஆன்டிசெமிட்டிசம்: தமிழில் எந்தச் சொல்?

2023 டிசம்பர் 5 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழு ஒன்றின் முன்னால் ஹார்வர்ட், பென்சில்வேனியா, எம்ஐடி ஆகிய பல்கலைக்கழகங்களின் தலைவர்கள் மூவரும் விசாரணைக்கு உட்கார்ந்திருந்தார்கள். யூதர்களை இனப்படுகொலை செய்யச் சொல்லிக் குரல் எழுப்புவது உங்கள் பல்கலைக்கழக விதிகளுக்கு முரணா என்று உறுப்பினர் எலிஸ் ஸ்டெஃபானிக் கேட்டார். அது சூழலைப் பொறுத்தது என்கிற தோரணையில் பதில் வந்தது. பென்சில்வேனியாவின் லிஸ் மகில் நான்கே நாளில் பதவி விலகினார். ஹார்வர்டின் கிளாடின் கே மீது எழுத்துத் திருட்டுப் புகாரும் சேர்ந்துகொள்ள, 2024 ஜனவரி 2 அன்று அவரும் போனார்.

அன்றைக்கு அந்த அறையில் திரும்பத் திரும்ப ஒலித்தது ஆன்டிசெமிட்டிசம் என்ற சொல். தமிழில் இதை யூத எதிர்ப்பு என்கிறோம், யூத விரோதம் என்கிறோம், செமிட்டிய எதிர்ப்பு என்கிறோம், யூத வெறுப்பு என்றும் எழுதுகிறோம். நான்கும் ஒன்றல்ல. எதை எடுப்பது என்று முடிவு செய்ய, சொல் பிறந்த இடத்துக்குப் போக வேண்டும். அது பிறந்து வளர்ந்ததும் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தைச் சுற்றித்தான்.

நோவாவின் பிள்ளைகள் சேம், காம், யாப்பேத்து என்பது விவிலியம் படித்தவர்களுக்குத் தெரியும். ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழக வரலாற்றாசிரியர் ஆகஸ்ட் லுட்விக் ஷ்லோட்சர் 1781இல் மூத்தவன் சேமின் பெயரை எடுத்து ஒரு மொழிக் கூட்டத்துக்கு வைத்தார். எபிரேயம், அரபி, அரமேயம் இவை எல்லாம் செமிட்டிக் மொழிகள் ஆயின. எத்தியோப்பியாவின் அம்ஹாரிக்கும் மால்ட்டா தீவின் மொழியும்கூட இந்தக் குடும்பம்தான். ஆக, அது மொழியியல் பெயர், அவ்வளவே. ஆனால் மொழிக் குடும்பத்தின் பெயர் மெல்ல மனிதக் கூட்டத்தின் பெயராகிவிடுவது நமக்கும் புதிதல்லவே. பிரான்ஸின் எர்னஸ்ட் ரெனான் போன்ற அறிஞர்கள், செமிட்டிக் மொழி பேசியவர்களுக்கு என்று ஒரு குணமும் ஒரு தாழ்வும் உண்டு என எழுதத் தொடங்கினார்கள். மோரிட்ஸ் ஷ்டைன்ஷ்னைடர் என்ற யூத அறிஞர் 1860இல் ரெனானைக் கண்டித்தபோது, இது வெறும் 'ஆன்டிசெமிட்டிக்' தப்பெண்ணம் என்றார். எனக்குத் தெரிந்த வரையில் சொல்லின் முதல் தடம் அதுதான், அதுவும் கண்டனமாக.

வெறுப்பவர்களே அதைத் தங்கள் சட்டையில் பதக்கமாகக் குத்திக்கொண்டது 1879இல். வில்ஹெல்ம் மார் என்ற பத்திரிகையாளர் அந்த ஆண்டு ஆன்டிசெமைட்டுகளின் சங்கம் என்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். அதுவரை ஜெர்மன் மொழியில் இதற்கு இருந்த சொல் நேரடியானது: 'யூடன்ஹாஸ்', அதாவது யூதர் மேல் வெறுப்பு. மாருக்கும் அவர் கூட்டாளிகளுக்கும் அது போதவில்லை. பழைய வெறுப்பு மதம் சார்ந்தது, ஏசுவைக் கொன்றவர்கள் என்ற பழியில் நின்றது. ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் யூதர் தப்பித்துவிடலாம். மார் கூட்டம் அந்தக் கதவையும் அடைக்க நினைத்தது. யூதம் மதமல்ல, இரத்தம். எங்களுக்கு அவர்கள் மேல் வெறுப்பு இல்லை, இது ஓர் அறிவியல் நிலைப்பாடு, ஓர் 'இசம்' என்றார்கள். இதுதான் புதுச் சொல்லின் வேலை. அரபியர்களைப் பற்றி மாருக்கு எந்தக் கவலையும் கிடையாது. 'அரபியரும் செமிட்டிக்தானே, அவர்கள் எப்படி ஆன்டிசெமைட் ஆவார்கள்' என்று சமூக ஊடகத்தில் மடக்குகிறார்களே, அந்தக் கேள்வி இங்கேயே விழுந்துவிடுகிறது. அந்தச் சொல் ஒருநாளும் செமிட்டிக் மக்கள் எல்லாரையும் குறித்ததில்லை. 'செமிட்டிய எதிர்ப்பு' என்ற தமிழாக்கம் உதவாது என்பதற்கும் காரணம் இதுவே. ஆங்கிலத்திலேயே 'ஆன்டி-செமிட்டிசம்' என்று நடுவில் இருந்த சிறு கோட்டை எடுத்துவிட்டு ஒரே சொல்லாக எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2021இல் மாறிக்கொண்டது. 'செமிட்டிசம்' என்று எதிர்ப்பதற்கு ஒரு பொருளே கிடையாது, பிறகு அதற்கு எதிராக என்ன?

மார் தெருவில் கத்தினார் என்றால், அதற்கு வகுப்பறையின் மரியாதையை வாங்கிக் கொடுத்தவர் பெர்லின் பல்கலைக்கழக வரலாற்றுப் பேராசிரியர் ஹைன்ரிக் ஃபான் ட்ரைட்ஷ்கே. அதே 1879 நவம்பரில் 'யூதர்களே நம் துரதிர்ஷ்டம்' என்ற வாக்கியத்தைத் தன் கட்டுரையில் எழுதினார். (பிற்காலத்தில் நாஜி வார இதழ் ஒன்று அதை முதல் பக்கத்தில் முழக்கமாகப் போட்டுக்கொண்டது.) அதே பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் தியடோர் மொம்சன் எதிர்த்து எழுதினார். ஆனாலும் யூதர்களுக்கு அரசுப் பதவிகளையும் ஆசிரியர் வேலையையும் மறுக்கச் சொல்லி ஜெர்மன் தலைமை அமைச்சர் பிஸ்மார்க்கிடம் போன மனுவில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கையெழுத்து விழுந்தது. அதில் ஆயிரக்கணக்கில் மாணவர்கள்.

வியன்னா பல்கலைக்கழகத்துக்கும் வராமல் இருக்க முடியாது. அங்கே மாணவர் சங்கங்களில் வாள்சண்டை கௌரவப் பிரச்சினை. அவமதிக்கப்பட்டவன் வாள்சண்டைக்கு அழைக்கலாம், அழைப்பை மறுத்தால் கேவலம். 1896இல் ஜெர்மன் தேசியவாத மாணவர் சங்கங்கள் கூடி, யூதனுக்குப் பிறப்பிலேயே கௌரவம் கிடையாது, ஆகவே அவனை அவமதிக்கவே முடியாது, அவன் சண்டைக்கு அழைத்தால் ஏற்க வேண்டியதில்லை என்று தீர்மானம் போட்டன. பூசி மெழுகிய 'அறிவியல் நிலைப்பாடு' கடைசியில் வந்து நின்ற இடம் இது. யூதர்களுக்குத் தனி நாடு கேட்ட இயக்கத்தைப் பின்னாளில் தலைமையேற்று நடத்திய தியடோர் ஹெர்ட்சல் அந்தப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இந்தப் போக்கைக் கண்டு 1883இலேயே தன் சங்கத்திலிருந்து விலகினார். யூத மாணவர்கள் 'கடீமா' என்று தங்களுக்கென ஒரு சங்கம் வைத்தார்கள். அதை நிறுவியவர்களில் ஒருவரான நாதன் பிர்ன்பாம் 1890இல் உருவாக்கியதுதான் யூத தேசியவாதத்தைக் குறிக்கும் சியோனிசம் என்ற சொல். நம் தேவாலயப் பெயர்களில் வரும் சீயோன் மலைதான் அதன் வேர். இன்றைக்கு வளாகங்களில் மோதிக்கொள்ளும் இரண்டு சொற்களும் பதினோரு ஆண்டு இடைவெளியில், ஒரே ஜெர்மன் மொழியில் புழக்கத்துக்கு வந்தவை.

அதற்குப் பிறகான வளாக வரலாற்றை நீட்ட வேண்டாம், இரண்டு சொல்கிறேன். 1922இல் ஹார்வர்டின் தலைவர் லாரன்ஸ் லாவெல், முதலாண்டில் ஐந்தில் ஒருவர் யூதர் என்ற நிலை கண்டு உச்சவரம்பு கேட்டார். ஆசிரியர்கள் மறுத்தார்கள். 1926 வாக்கில் 'குணநலன்', புகைப்படம் என்று சேர்க்கை விதிகள் மாறின. வரம்பு என்று வாயால் சொல்லாமலே எண்ணிக்கை குறைந்தது. 1937இல் போலந்துப் பல்கலைக்கழகங்களில் யூத மாணவர்களுக்குத் தனி பெஞ்சு ஒதுக்கினார்கள். அதில் உட்கார மறுத்து அவர்கள் வகுப்பு முழுக்க நின்றார்கள். லுவோவ் பல்கலைக்கழகத் தலைவர் குல்சின்ஸ்கி, அந்த ஆணையில் கையெழுத்திட மாட்டேன் என்று பதவியைத் துறந்தார்.

இப்போது தமிழுக்கு வருவோம். எதிர்ப்பு என்ற சொல்லுக்கு நம்மிடம் ஒரு மரியாதை இருக்கிறது. இந்தி எதிர்ப்பு, ஏகாதிபத்திய எதிர்ப்பு, சாதி எதிர்ப்பு. எதிர்க்கிறவனுக்கு ஒரு காரணம் இருக்கிறது, ஒரு கொள்கை இருக்கிறது என்பது அதில் அடக்கம். 'யூத எதிர்ப்பு' என்று எழுதினால் மார் விரும்பிய முகமூடியை நாமே மாட்டிவிடுகிறோம். இலக்கணமும் காலை வாருகிறது. 'யூத மாணவர் எதிர்ப்பு' என்று தலைப்புப் போட்டால், யூத மாணவர்கள் எதிர்க்கிறார்களா, அவர்களை யாரோ எதிர்க்கிறார்களா? விரோதம் பரவாயில்லை, ஆனால் அது இரு தரப்புக்கும் பொதுவான பகை என்ற வாடை அடிக்கிறது. பழைய பத்திரிகைகள் 'வகுப்புத் துவேஷம்' என்று எழுதிய காலத்தில் 'யூத துவேஷம்' பொருந்தியிருக்கும். பொருளில் அது மிகச் சரி, புழக்கம்தான் போய்விட்டது. மிஞ்சுவது யூத வெறுப்பு. தற்செயலாக அது மாருக்கு முந்தைய அந்தப் பழைய ஜெர்மன் சொல்லுக்கும் நேர். குழப்பம் வரும் இடத்தில் 'யூதர் மீதான வெறுப்பு' என்று விரித்துக்கொள்ளலாம்.

சொல் கிடைத்துவிட்டது, அது எங்கெல்லாம் பொருந்தும் என்பதில்தான் இன்றைய வளாகச் சண்டை முழுவதும். பன்னாட்டு யூதப் பேரழிவு நினைவுக் கூட்டணி 2016இல் யூத வெறுப்புக்கு ஒரு வரையறையை ஏற்றது. மற்ற நாடுகள் மேல் வைப்பது போன்ற விமர்சனத்தை இஸ்ரேல் மேல் வைப்பது யூத வெறுப்பு ஆகாது என்று அதிலேயே இருக்கிறது. ஆனால் கூடவே தரப்பட்ட 11 எடுத்துக்காட்டுகளில் பல இஸ்ரேல் தொடர்பானவை. இஸ்ரேல் அரசு இருப்பதே இனவாத முயற்சி என்று சொல்வது அதில் ஒன்று. இதன் மூல வரைவை எழுதியதில் முதன்மையானவர் கென்னத் ஸ்டெர்ன். தரவு திரட்டுவதற்காக எழுதியதை வளாகப் பேச்சைக் கட்டுப்படுத்தும் கோலாக ஆக்காதீர்கள் என்று அவரே தொடர்ந்து எதிர்க்கிறார். 2021இல் அறிஞர்கள் வெளியிட்ட ஜெருசலேம் பிரகடனம் கோட்டை வேறிடத்தில் போட்டது: இஸ்ரேலைப் புறக்கணிக்கும் போராட்டம் தன்னளவில் யூத வெறுப்பு ஆகாது, ஆனால் ஒருவர் யூதர் என்பதற்காகவே இஸ்ரேலைப் பகிரங்கமாகக் கண்டிக்கச் சொல்வது யூத வெறுப்பு.

எனக்கு ஜெருசலேம் பிரகடனம் போட்ட இந்தக் கோடு தெளிவாகத் தெரிகிறது. 2015இல் லாஸ் ஏஞ்சலிஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் மாணவர் பேரவையின் நீதிக்குழுவுக்கு ஒரு மாணவியின் பெயர் வந்தது. நீ யூத சமூகத்தில் தீவிரமாக இருப்பவள், உன்னால் நடுநிலையாக இருக்க முடியுமா என்று கேட்டார்கள். அவரை வெளியே அனுப்பிவிட்டு விவாதித்து முதலில் நிராகரித்தார்கள். ஆலோசகர் தலையிட்ட பிறகே ஏற்றார்கள். இஸ்ரேலைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பதுகூட அங்கே கேள்வி அல்ல. பிறப்பே சந்தேகத்துக்குப் போதுமாக இருந்தது.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் விஷயம் அப்படிப் பிரிந்து கிடக்கவில்லை. 2023 நவம்பரில் அந்தப் பல்கலைக்கழகம் இடைநீக்கிய பாலஸ்தீன ஆதரவு அமைப்புகள் இரண்டில் ஒன்று, யூதர்களே நடத்துவது. 2024 ஏப்ரலில் பாலஸ்தீன ஆதரவு மாணவர்கள் போட்ட புல்வெளிக் கூடாரங்களுக்குள் யூத மாணவர்கள் பாஸ்கா பண்டிகை விருந்து நடத்தினார்கள். அதே வாரம் வளாகத்து வெளிவாசலில் வேறு யூத மாணவர்களைப் பார்த்து 'போலந்துக்குத் திரும்பிப் போ' என்ற கூச்சல். பாதுகாப்பு இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்று வளாகத்து யூத மதகுரு (ரப்பி) ஒருவர் மாணவர்களுக்குச் செய்தி அனுப்பினார். கூடாரத்தை யூத வெறுப்பு என்று ஒரே சொல்லில் முடிப்பவருக்கு விருந்து கண்ணில் படவில்லை. அங்கே யூத வெறுப்பே இல்லை என்பவருக்கு வாசல் காதில் விழவில்லை.

சட்டம் இதில் இன்னொரு முடிச்சு. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அரசுப் பணம் வாங்கும் கல்வி நிலையங்களில் இனம், நிறம், பூர்விகத் தேசம் பார்த்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கிறது. மதம் அந்தப் பட்டியலில் இல்லை. யூதர்களை அதன் கீழ் காக்க வேண்டுமானால் யூதம் என்பது பொது மூதாதையர் வழி வந்த அடையாளம் என்று சொல்ல வேண்டியிருந்தது. 2004 முதல் அப்படித்தான் விளக்கம். இரத்தம் என்று சொல்லி மார் அடைத்த கதவு, இங்கே பாதுகாப்பு வாசலாக மாறியிருப்பது விசித்திரம்தான். அந்தப் பிரிவைக் காட்டித்தான் 2025 மார்ச்சில் கொலம்பியாவின் 40 கோடி டாலர் அரசு நிதி நிறுத்தப்பட்டது. ஜூலையில் 22 கோடி டாலருக்கு மேல் கட்ட ஒப்புக்கொண்ட கொலம்பியா, அதே மாதம் 2016 வரையறையையும் ஏற்றுக்கொண்டது.

எழுதுபவர்களுக்குக் கையில் இருக்க வேண்டியவை மூன்று. யூதரை யூதர் என்பதற்காக வெறுப்பது யூத வெறுப்பு. செய்பவர் யூத வெறுப்பாளர். யூத தேசியவாதத்தை ஏற்காதது சியோனிச எதிர்ப்பு. இங்கே எதிர்ப்பு சரியான சொல். காசாவில் நடப்பதைக் கண்டிப்பது இஸ்ரேல் அரசின் மீதான கண்டனம். இரண்டாவதும் மூன்றாவதும் முதலாவதாகத் திரிவது உண்டு. திரிந்தது என்று எழுதினால், எந்தச் செயலால், எந்த வார்த்தையால் என்பதையும் அதே வாக்கியத்தில் எழுத வேண்டும்.