அப்பளம், ஊறுகாய் தொழிலுக்கு 35 சதவீத மானியம்: வங்கிக்குப் போகும் முன் படியுங்கள்

வடகம், அப்பளம், ஊறுகாய், சத்துமாவு என்று கைப்பக்குவத்தை நம்பிப் பிழைப்பவர்களுக்காக ஒன்றிய அரசு 2020-ல் கொண்டுவந்தது பி.எம்.எஃப்.எம்.இ. எனும் பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்கள் முறைப்படுத்தும் திட்டம். திட்டச் செலவில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம். 2025-26 வரை நீட்டித்திருந்தார்கள். இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மானியம் கைக்கு வராது. பலர் ஏமாறுவது இங்கேதான். 5 லட்சம் ரூபாய்த் திட்டம் என்றால் குறைந்தது 50,000 உங்கள் பணம், மீதி வங்கிக்கடன். மானியமான 1,75,000 உங்கள் பெயரில் வங்கியிலேயே கிடக்கும். அந்தத் தொகைக்கு வட்டி போடக் கூடாது. மூன்று ஆண்டு தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். அதனால் கைமாற்று வாங்கி முதலில் மெஷினை வாங்கிவிடாதீர்கள். வங்கிக்கடன் இல்லையென்றால் இந்த மானியமே இல்லை. நிலம் வாங்கும் செலவும் கணக்கில் வராது.

ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். கணவர் பெயரில் ஏற்கெனவே வாங்கியிருந்தால் மனைவியின் மனு நிற்காது.

விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. திட்ட அறிக்கை தயாரிக்க மாவட்ட வள நபர் என்று ஒருவர் இருப்பார். கடன் அனுமதியானதும் அவருக்கான தொகையைத் திட்டமே கொடுக்கிறது. "ஃபைல் நகர ஏதாவது செய்யுங்கள்" என்று யார் கேட்டாலும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

பெரிய அலைச்சல் வங்கியில்தான். "பத்திரம் கொண்டு வாங்கம்மா" என்பார்கள். குறு, சிறு தொழில் கடனுக்கு 20 லட்சம் வரை (2026 ஏப்ரலுக்கு முன் 10 லட்சம்) சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அதைச் சொல்லியே கேளுங்கள். தொழில் மையம் வங்கியைக் கைகாட்டும், வங்கி தொழில் மையத்தைக் கைகாட்டும். வேலையைப் போட்டுவிட்டு வருகிறவரின் ஒருநாள் கூலி யாருக்கும் கணக்கில்லை. வாய்வார்த்தையாக 'இல்லை' என்றால் திரும்பிவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அந்தத் தாளோடு தொழில் மைய மேலாளரையும் மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரையும் பாருங்கள்.

சுயஉதவிக் குழுவில் இருப்பவர்களுக்குத் தலைக்கு 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி உண்டு. ஏற்கெனவே உணவுப்பொருள் செய்து விற்பவர்களுக்கு மட்டும். இலவசம் என்று நினைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள், உறுப்பினருக்கு அது கடன். குழுவுக்குத் திருப்பிக் கட்டியே ஆகவேண்டும்.